ஆறு சுமந்து வந்த வரலாறு

கோலாலம்பூரிலிருந்து வடக்கே முதலாவது கூட்டரசு சாலையில் செல்வோர் ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு ஆகிய ஊர்களைக் கடந்து கெர்லிங்கை அடைவர். வழிநெடுக வலப்புறத்தில் தித்திவங்சா மலைத்தொடர் நீல நிறத்தில் உயர்ந்து நிற்கும். இடப்புறத்தில் செம்பனைத் தோட்டங்களும் ஆங்காங்கே எஞ்சியுள்ள ரப்பர் மரங்களும் புதிய குடியிருப்புகளும் தென்படும்.

இம்மலைத்தொடரின் காடுகள் இன்று சிலாங்கூர் மாநிலப் பூங்கா என்னும் பெயரில் பாதுகாக்கப்படுகின்றன. உலு சிலாங்கூர், கோம்பாக், உலு லங்காட் ஆகிய மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் இப்பூங்கா ஏறக்குறைய 108,000 ஹெக்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இது சிங்கப்பூரைவிடப் பெரிய பரப்பாகும்.

பூங்காவைக் காண்போர், மனிதரின் கை படாத காடு இது என எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. ஈயம், நிலக்கரி, இரயில், ரப்பர் எனப் பல தொழில்கள் இம்மலையின் அடிவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சென்றிருக்கின்றன. காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்னும் எண்ணமே அத்தொழில்கள் கற்றுத் தந்த பாடத்தினால் வந்தது. அப்பாடத்திற்கு மக்கள் கொடுத்த விலையும் பெரிது.

மலையடிவாரத்தில் ஈயம்

தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. அக்கல்லின் இடுக்குகளில் ஈயத்தாது கலந்திருந்தது. பன்னெடுங்காலமாகப் பெய்த மழை பாறையைக் கரைத்துத் தாதுவைப் பள்ளத்தாக்குகளுக்கு அடித்து வந்தது. ஈயத்தாது நீரைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமுடையது. ஆகவே, இலேசான மணலை ஆறு கொண்டு சென்றபோது தாது மட்டும் அடியில் தங்கிவிட்டது. மலையடிவார ஊர்கள் பலவும் ஈய ஊர்களாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

மண்ணைத் தோண்டி, ஓடும் நீரில் அலசி, அடியில் தங்கும் கறுப்புத் தாதுவைப் பிரித்தெடுப்பதே ஈயத் தொழிலின் அடிப்படை. டூலாங் எனப்படும் அகன்ற மரத்தட்டை ஆற்றுநீரில் சுழற்றித் தாது சேகரித்தவர்களுள் சீனப் பெண்களே மிகுதி. பெரிய லம்பங்களில் மரச்சக்கரங்களும், பின்னர் நீராவி எந்திரங்களும் நீர் இறைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழாய் வழியாக நீரைப் பீய்ச்சி மேட்டையே கரைக்கும் முறை பரவியது. 1910களில் மிதக்கும் ஈயக்கப்பல்களும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தன.

முறைகள் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. சிறிதளவு தாதுவுக்காக மலைபோல் மண்ணைக் கரைக்க வேண்டியிருந்தது. தாது விற்பனைக்குச் சென்றது. கரைந்த மண்ணும் மணலும் ஆற்றில் விடப்பட்டன.

அக்காலத்தில் உலகிற்கு ஈயம் ஏராளமாகத் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவைத் தகரப் பெட்டிகளில் அடைத்து விற்கும் வழக்கம் பெருகியிருந்தது. தகரத்தின்மேல் பூசப்படுவது ஈயமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் ஏறக்குறைய பாதியை மலாய் மாநிலங்களே வழங்கின.

காடு கொடுத்த விலை

ஈயத் தொழில் மண்ணை மட்டும் உண்ணவில்லை, மரத்தையும் உண்டது. தொடக்கக் காலத்தில் தாதுவை அந்தந்த ஊரிலேயே உருக்கினர். அதற்கு அடுப்புக்கரி தேவை. லம்பத்தைச் சுற்றியிருந்த காடுகள் கரிக்காக வெட்டப்பட்டன. சுரங்கத்திற்குத் தாங்கு கம்பங்களும், நீராவி எந்திரங்களுக்கு விறகும் அக்காடுகளிலிருந்தே வந்தன.

மற்றொரு மரம் வேறு காரணத்திற்காக வெட்டுண்டது. தாபான் எனப்படும் காட்டு மரத்தின் பால் கட்டியானால் நீர் புகாத பொருளாகும். கடலடியில் தந்திக் கம்பிகளைப் பதித்தபோது, அவற்றைச் சுற்றி மூடுவதற்கு இதைவிடச் சிறந்த பொருள் அந்நாளில் இல்லை. லண்டனும் பம்பாயும் சிங்கப்பூரும் தந்தியால் இணைந்தன. ஆனால், இம்மரத்தில் பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். சில பத்தாண்டுகளில் மலாய்த் தீபகற்பத்தின் பல காடுகளில் பெரிய தாபான் மரங்களைக் காண்பதே அரிதாயிற்று.

இந்நிலையில்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1901ஆம் ஆண்டில் பர்ன் மர்டாக் என்பவர் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கும் தொடுவாய்க் குடியேற்றங்களுக்கும் தலைமை வன அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அதன் பின்னர் மலைச்சரிவுகளில் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. மரம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய முதல் நோக்கம். மலையிலிருந்து வரும் நீரைக் காக்க வேண்டும் என்பது அடுத்த நோக்கம். அந்த இரண்டாவது நோக்கத்தின் அவசியத்தை, கெர்லிங்குக்கு அருகிலுள்ள ஓர் ஊர் ஏற்கெனவே உணர்ந்திருந்தது.

அணை உடைந்த ஊர்

இன்றைய கோல குபு பாருவிற்கு அருகில் அம்பாங் பெச்சா என்றோர் இடம் உள்ளது. மலாய்மொழியில் ‘அம்பாங்’ என்றால் அணை. ‘பெச்சா’ என்றால் உடைதல். ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது.

பழைய கோல குபு செழிப்பான ஈய நகரமாக இருந்தது. நகருக்கு மேலே, பல தலைமுறைகளுக்கு முன்னர் எழுப்பப்பட்ட மண் அணை ஒன்று இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெய்த கனமழையில் அவ்வணை உடைந்தது. தேங்கி நின்ற நீர் முழுவதும் நகரத்தின்மேல் பாய்ந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன; பலர் மாண்டனர். மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் என்பவரும் அவ்வெள்ளத்தில் உயிரிழந்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனால்தான் அணை உடைந்தது என்றொரு கதை அவ்வட்டாரத்தில் நெடுநாள் வழங்கியது.

கதை எவ்வாறிருப்பினும் நகரத்தின் துன்பம் அத்துடன் தீரவில்லை. மக்கள் மீண்டும் அங்கேயே வீடு கட்டினர். மேற்புறத்தில் ஈய லம்பங்கள் தொடர்ந்து இயங்கின. அவை வெளியேற்றிய மணல் ஆற்றின் அடியில் படிந்துகொண்டே வந்தது. ஆற்றின் தரை உயர உயரக் கரையின் உயரம் குறைந்தது. சிறு மழைக்கும் நீர் ஊருக்குள் புகுந்தது; வடிந்தபோது மணலை விட்டுச் சென்றது. தெருக்களும் வீட்டு வாசல்களும் சிறிது சிறிதாக மணலுக்குள் புதைந்தன. ஒரே இரவில் வந்த வெள்ளம் நகரத்தை அழிக்கவில்லை. ஆண்டுதோறும் வந்த மணல் அதைச் செய்து முடித்தது.

1926ஆம் ஆண்டில் தீபகற்பத்தையே உலுக்கிய பெருவெள்ளம் வந்தது. நகரத்தை இனிக் காக்க இயலாது என்பது உறுதியாயிற்று. அரசாங்கத்தின் நகரத் திட்டமிடுநரான சார்லஸ் ரீட், மேட்டு நிலத்தில் புதிய நகரம் ஒன்றை வரைந்தார். நியூசிலாந்தைச் சேர்ந்த அவர் பூங்கா நகரக் கொள்கையில் பற்றுடையவர். அகலமான தெருக்கள், திறந்த புல்வெளிகள், கடைகளையும் வீடுகளையும் சூழ்ந்த பசுமை என அந்நகரம் அமைந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி மக்கள் அங்குக் குடியேறினர். பெயரும் கோல குபு பாரு, அதாவது புதிய கோல குபு என்றானது. வெள்ளத்தையும் ஆற்று மண்ணையும் கவனிக்க வடிகால், நீர்ப்பாசன இலாகாவும் 1932ஆம் ஆண்டில் தனியாக அமைக்கப்பட்டது.

தண்டவாளமும் பால்மரமும்

ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லவே சிலாங்கூரில் இரயில் வந்தது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி முதல் பாதை திறக்கப்பட்டது. 1890களில் பாதை வடக்கே நீண்டு கோல குபுவை அடைந்தது. பின்னர்க் கெர்லிங், களும்பாங் வழியாகத் தஞ்சோங் மாலிமைத் தொட்டது. காட்டை வெட்டிப் பாதை திறந்தவர்களிலும், மண் சுமந்தவர்களிலும், சல்லி உடைத்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். நிலையத்திலும் அலுவலகத்திலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பணியாற்றினர். தண்டவாளத்தின் கீழிட்ட கட்டைகள் செங்கால் போன்ற வலிய காட்டு மரங்களால் ஆனவை. 1915 முதல் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டது. இரயில் எந்திரங்களும் ஈய லம்பங்களும் மின் நிலையங்களும் அந்நிலக்கரியைப் பயன்படுத்தின. 1960ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பட்டது.

இரயில் வந்த பாதையைப் பற்றிக்கொண்டு ரப்பர் வந்தது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி மகிழுந்தை வெளியிட்டது. மகிழுந்துக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. உலு சிலாங்கூரிலிருந்து கோல சிலாங்கூர் வரை, மலையடிவாரக் காடுகள் எரிக்கப்பட்டு நேர்வரிசையில் பால்மரங்கள் நடப்பட்டன. 1907ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகளின் பணத்தைக் கொண்டு தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. கங்காணிகள் தங்கள் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டி வந்தனர்.

விடியுமுன் பெரட்டுக்குக் கூடி, உளியும் வாளியும் ஏந்திக் காட்டுக்குள் சென்றவர்களின் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. அதிலும் மலையையொட்டிய தோட்டங்களில் மரணம் மிகுந்திருந்தது. அதற்குக் காரணமும் காடு அழிந்ததே. காட்டு நிழலில் ஓடிய மலை ஓடைகளில் மலேரியா பரப்பும் ஒருவகைக் கொசு அதிகம் பெருகுவதில்லை. மரங்களை வெட்டியதும் அவ்வோடைகளின்மேல் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடை நீர் அக்கொசுவுக்கு ஏற்ற இடமாயிற்று. கிள்ளானில் 1901ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இந்நோயை ஆராய்ந்தார். நிலத்தடிக் குழாய் வடிகாலும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் அவருடைய முயற்சியால் தோட்டங்களில் பரவின. அதற்குள் பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளர்கள் தோட்டத்து இடுகாடுகளில் புதைக்கப்பட்டுவிட்டனர்.

தோட்டங்களும் ஆற்றுக்கு மண் அனுப்பின. தொடக்கக் காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இல்லாமல் களையெடுப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. வெற்று மண்ணை மழை கரைத்தது. பின்னரே, நிலத்தை மூடிப் படரும் அவரையினக் கொடிகளை வளர்க்கும் வழக்கம் வந்தது.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இன்னொரு மாற்றமும் தொடங்கியது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்டார். மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயரில் ‘தென்னைமரம்’ என்னும் தமிழ்ச்சொல் ஒலிப்பதை இன்றும் கேட்கலாம். அரைநூற்றாண்டுக்குப் பின், ரப்பர் விலை தாழ்ந்தபோது, வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ஆள் தேவை குறைவு. 1990களில் சில தோட்ட நிலங்கள் குடியிருப்புப் பகுதிகளாயின. பல குடும்பங்கள் லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தன. சில தமிழ்ப்பள்ளிகள் மட்டுமே தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

காப்புக்காட்டிலிருந்து மாநிலப் பூங்கா வரை

1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. மலேசியாவின் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவை விட்டுச் சென்றவை நீர் நிறைந்த ஈயக்குட்டைகளும் எதுவும் எளிதில் முளைக்காத வெண்மணலும் ஆகும். அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. அவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும் என்னும் கேள்வி எழுந்தது.

விடை மலையில் இருந்தது. சிலாங்கூர் ஆறு புக்கிட் பிரேசர் வட்டாரத்தில் தோன்றுகிறது. கெர்லிங் ஆறு, பத்தாங் காலி ஆறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கோல குபு பாருவிற்கு மேலே சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இவ்வாற்றிலிருந்தே கிடைக்கிறது.

இவ்வணைக்காகவும் சிலர் விலை கொடுத்தனர். அப்பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெமுவான் பழங்குடியினர் தங்கள் கிராமங்களை விட்டு இடம்பெயர நேர்ந்தது. அக்காட்டின் மரங்களையும் ஓடைகளையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள் அவர்களே.

அணை மட்டும் நீரைத் தருவதில்லை. மழைநீரை உறிஞ்சி, சிறிது சிறிதாக ஓடையில் விடுவது காடு. காடு அழிந்தால் அணைக்குள் நீருக்குப் பதில் மண்தான் வந்து சேரும். பழைய கோல குபுவின் தெருக்களில் நடந்ததே அணைக்குள்ளும் நடக்கும். சிலாங்கூர் மலைக்காடுகளை ஒரே மாநிலப் பூங்காவாகப் பாதுகாக்கும் முடிவுக்கு அடிப்படை இதுவே. பூங்கா என்னும் சொல் பொழுதுபோக்கை நினைவூட்டினாலும் இதன் முதற்பணி நீர் காப்பதாகும்.

அழிந்த நிலம் மீளுமா?

இக்கேள்விக்குச் சிலாங்கூரிலேயே நல்ல விடை உண்டு. கெப்போங்கில் ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன. 1926ஆம் ஆண்டில் வன ஆய்வாளர் ஃபாக்ஸ்வொர்த்தி அவ்விடத்தை ஆராய்ச்சி நிலையத்திற்காகத் தேர்ந்தெடுத்தார். வெற்று நிலத்தில் காட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் அது ஓங்கிய மழைக்காடாக வளர்ந்தது. மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் அக்காட்டை 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

நிலம் மீளும், ஆனால் காலம் கேட்கும். ஓர் ஈயக்குட்டையைத் தோண்டச் சில ஆண்டுகள் போதும். அதன் கரையில் ஒரு காடு எழ மூன்று தலைமுறை உழைக்க வேண்டும்.

பிற நாடுகளிலும் தொழில் நிலங்கள் பூங்காக்களாகியுள்ளன. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985ஆம் ஆண்டில் மூடப்பட்ட இரும்பாலை ஒன்று இன்று பூங்காவாக உள்ளது. அங்கு உலைகளும் புகைபோக்கிகளும் இடிக்கப்படாமல் நிற்பதால், அவ்விடத்தின் தொழில் வரலாறு பார்ப்பவர் கண்ணில் படுகிறது. பேராக்கின் தஞ்சோங் துவாலாங்கிலும் 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஈயக்கப்பல் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. உலு சிலாங்கூரிலோ காடும் செம்பனையும் பழைய தடங்களை மூடிவிட்டன. அவற்றைக் காண நிலத்தை வாசிக்கத் தெரிய வேண்டும்.

சதுரமாகவும் ஆழமாகவும் தெரியும் குளம் ஒருவேளை ஈயக்குட்டையாக இருக்கலாம். மேட்டில் தனித்து நிற்கும் சிறு கோவிலைச் சுற்றி ஒரு காலத்தில் தோட்டத்து லயங்கள் இருந்திருக்கலாம். ஊரின் பெயரில் ஓர் அணையின் உடைப்பு ஒளிந்திருக்கிறது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் பழைய ஈயக்குட்டைகளிலிருந்து வறட்சிக் காலத்தில் சிலாங்கூர் ஆற்றுக்கு நீர் இறைக்கப்பட்டதும் உண்டு. தொழில் விட்டுச் சென்ற குழியே பின்னாளில் தாகம் தீர்க்க உதவியது.

ஆறு இன்றும் ஓடுகிறது. அதன் முகத்துவாரத்திற்கு அருகே கம்போங் குவாந்தானில், பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் இரவுதோறும் ஒளிர்கின்றன. ஆற்றுநீர் கெட்டால் அம்மரங்கள் வாடும். மரங்கள் வாடினால் மின்மினிகள் மறையும். மேலே மலையில் ஒரு மரம் வெட்டப்படுவதும், நடுவே நகரத்தில் ஒரு குழாய் வறண்டு போவதும், கீழே கடலோரத்தில் ஒரு மின்மினி அணைவதும் ஒரே ஆற்றின் செய்திகள். மணலுக்குள் புதைந்த நகரமும் தோட்டத்து இடுகாடும் இதை நமக்கு முன்னரே சொல்லிவிட்டன.

சொற்பொருள்

ஈய லம்பம் – ஈயத்தாது தோண்டும் இடம்
ஈயக்குட்டை – ஈயம் தோண்டியபின் நீர் நிறைந்த பள்ளம்
காப்புக்காடு – அரசாங்கத்தால் வரையறுத்துப் பாதுகாக்கப்படும் காடு
பெரட்டு – தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குமுன் கூடிப் பெயர் கொடுத்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்கும் இடம்

கருத்துணர் கேள்விகள்

1. மலையடிவார ஊர்களில் ஈயத்தாது மிகுதியாகக் கிடைத்ததற்குக் காரணம் யாது?
2. தாபான் மரங்கள் அருகிப்போனமைக்கும் உலகத் தந்தித் தொடர்புக்கும் உள்ள உறவை விளக்குக.
3. ‘ஒரே இரவில் வந்த வெள்ளம் நகரத்தை அழிக்கவில்லை, ஆண்டுதோறும் வந்த மணல் அதைச் செய்து முடித்தது.’ இக்கூற்றின் பொருளை விளக்குக.
4. காடு அழிக்கப்பட்டதனால் மலையையொட்டிய தோட்டங்களில் மலேரியா எவ்வாறு பெருகியது?
5. சிலாங்கூர் மாநிலப் பூங்காவின் முதற்பணி நீர் காப்பது எனக் கூறப்படுவது ஏன்?
6. ஒரு தொழில் நாட்டுக்கு வளம் சேர்க்கும்போது அதற்கான விலையை யார் யார் கொடுத்தனர்? பனுவலிலிருந்து மூன்று சான்றுகள் தருக.
7. உங்கள் வட்டாரத்தில் உள்ள ஊர்ப்பெயர், குளம், கோவில் அல்லது பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திடுக. அதன் பின்னணியை மூத்தோரிடம் கேட்டறிந்து, 120 சொற்களில் கட்டுரை எழுதுக.